பஸ்

பலர் கட்டணம் செலுத்திப் பயணம் செய்யும் பெரிய ஊர்தி. தமிழில் பேருந்து. இலத்தீனில் 'எல்லாருக்கும்' எனப் பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற சொல்லின் கடைசித் துண்டே இது. அந்த மொழியில் 'ஆம்னிஸ்' என்றால் 'எல்லாம்'. 'இபஸ்' நான்காம் வேற்றுமைப் பன்மை விகுதி. ஆக, உலகம் இன்று வண்டியின் பெயராக வைத்திருப்பது வேரே இல்லாத ஒரு விகுதியின் துண்டு. நம் மொழியில் 'எல்லாருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் தனித்து நின்று வண்டியைக் குறிப்பது போன்றது அது. சொல் வரலாற்றில் இத்தனை அழகான விபத்து அரிது.

பிரான்சின் நான்ட் நகரில் 1820களில் ஸ்தனிஸ்லாஸ் போத்ரி நடத்திய குதிரை வண்டிச் சேவையோடு இப்பெயர் பரவியது. ஓம்னே என்ற தொப்பி வியாபாரியின் கடைப் பலகையில் இருந்த சொல் விளையாட்டே பெயருக்குக் காரணம் என்பது செவிவழிக் கதை, ஆதாரம் உறுதியானதல்ல. 1828இல் பாரிசுக்கும், 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் வழியாக லண்டனுக்கும் சென்றது. ஆங்கிலேயர் விரைவிலேயே அதைச் சுருக்கிவிட்டனர்.

கணினிப் பாகங்களுக்கிடையே தரவு செல்லும் பொது வழிக்கும் பஸ் என்றே பெயர்.

இந்திய மோட்டார் வாகனச் சட்டம் (1988) ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டியை 'ஆம்னிபஸ்' என்கிறது. தமிழ்நாட்டிலோ தனியார் தொலைதூர வண்டி 'ஆம்னி பஸ்'. பிரிந்த தலையும் வாலும் இங்கே மறுபடி சேர்ந்தன, ஆனால் இரு சொற்களாக.