பட்டம் வாங்கிய பின் வரும் பரிசு

நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. முதல் ரேங்க் வாங்கும் மாணவருக்குச் சங்கத்தின் பெயரில் ஆண்டுதோறும் ஒரு தங்கப் பதக்கம் தரலாமே என்று. எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். போலகத்துக்கு வண்டியில் திரும்பும்போது ஒரு கேள்வி மனசைக் குடைந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குப் பரிசு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் காலேஜை விட்டுப் போன பிறகு ஒருவன் என்ன செய்தான் என்று பார்த்துத் தரும் பரிசு நம்மிடம் இல்லையே! அப்படி ஒன்று எங்காவது உண்டா என்று தேடினேன். உண்டு.

அமெரிக்க விமானப்படை அகாடமியும் அதன் முன்னாள் மாணவர் சங்கமும் சேர்ந்து 'ஜபாரா விருது' என்று ஒன்றைத் தருகின்றன. அங்கே படித்து வெளியேறியவர்களில் விமானம் ஓட்டும் பக்குவத்தில் தனித்து நின்றவருக்கு அது. 'பக்குவம்' என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். கைத்திறமை மட்டும் போதாது. இக்கட்டில் நிதானம், எது முக்கியம் என்ற தெளிவு, எல்லாம் சேர்ந்தது அது.

விருதுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் ஜபாரா, லெபனான் வம்சாவளியில் வந்தவர். 1951 மே 20 அன்று கொரியப் போரில் அவருடைய சேபர் விமானத்தின் இறக்கையில் தொங்கிய கூடுதல் எரிபொருள் டேங்க் ஒன்று கழன்று விழ மறுத்தது. அந்த நிலைமையில் திரும்பிவிடுவதுதான் முறை. அவரோ சண்டையில் இறங்கி இரண்டு மிக்-15 விமானங்களை வீழ்த்தினார். 1966-இல் ஒரு கார் விபத்தில் மகளோடு இறந்து போனார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் அந்த அகாடமியில் படித்தவரே இல்லை! அகாடமி தொடங்கியதே 1954-இல்தான். அவரோ இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே விமானி ஆனவர். தங்களிடம் படிக்காத ஒருவரின் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்கு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஹைதராபாத் பக்கம் துண்டிக்கல் விமானப்படை அகாடமியில், பயிற்சி முடித்து வெளியேறும் நாளில் முதலிடம் பெறுபவருக்கு மரியாதை வாள் தருகிறார்கள். பெரிய கௌரவம். ஆனால் அன்றைக்கு வரிசையில் பின்னால் நின்றவனுடைய கதை அன்றோடு முடிவதில்லை.

வருண் சிங் கதை அதற்குச் சாட்சி. தேஜஸ் விமானி. 2020 அக்டோபர் 12 அன்று, பழுது பார்த்த ஒரு தேஜஸைச் சோதித்துப் பார்க்கத் தனியாகக் கிளம்பினார். உயரத்தில் காக்பிட்டின் காற்றழுத்தம் போயிற்று. இறங்க ஆரம்பித்தால், விமானத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பே செயலிழந்தது. இஞ்சினியர்களுக்கு இதன் பயங்கரம் புரியும். தேஜஸ் தானாக நிலையாகப் பறக்கும்படி வடிவமைத்த விமானம் இல்லை. உள்ளங்கையில் விளக்குமாற்றுக் குச்சியை நிறுத்தி வைப்பது போலக் கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு கணமும் அதைச் சரிசெய்து கொண்டிருக்கும். அது போய்விட்டால்? விமானம் மேலும் கீழுமாகத் தூக்கி அடித்தது. ஒரு தடவை அடக்கினார். சுமார் 10,000 அடியில் மறுபடியும் கை மீறியது. பாரசூட்டில் குதித்துத் தப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். குதிக்கவில்லை. பத்திரமாகத் தரை இறக்கினார். விமானம் முழுசாகக் கிடைத்ததால்தான் பழுது எங்கே என்று துல்லியமாகக் கண்டுபிடித்து, மற்ற விமானங்களில் அது வராமல் தடுக்க வழி செய்ய முடிந்தது. 2021 சுதந்திர தினத்தன்று அவருக்கு சௌரிய சக்கரம் அறிவித்தார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பின் நடந்தது. அப்போது அவர் நம் நீலகிரியில் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் பணியில் இருந்தார். 2021 செப்டம்பர் 18 அன்று, தான் படித்த சண்டிமந்திர் ராணுவப் பள்ளியின் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினார். பெருமை அடித்துக்கொள்ள இல்லை. நான் ரொம்பச் சாதாரண மாணவன், பிளஸ் டூவில் தட்டுத் தடுமாறித்தான் முதல் வகுப்பு வாங்கினேன், அகாடமியிலும் படிப்பிலோ விளையாட்டிலோ பெயர் எடுக்கவில்லை, ஒரு வேலையில் மனசை முழுசாக வைத்தால் நன்றாகச் செய்ய முடியும் என்று பிற்பாடுதான் தெரிந்தது என்ற பொருளில் எழுதி, சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம்கூட அவர் இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று, சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு ஜெனரல் பிபின் ராவத்தை ஏற்றிவந்த ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே போய்விட்டார்கள். அன்று உயிர் பிழைத்த ஒரே ஆள் குரூப் கேப்டன் வருண் சிங். டிசம்பர் 15 அன்று பெங்களூரில் அவரும் காலமானார். பள்ளிக்கு அவர் எழுதிய கடிதத்தை நாடே படித்தது அந்த நாட்களில்தான்.

ஒரு முன்னாள் மாணவன் தன் பள்ளிக்குத் தரக்கூடியதில் அந்தக் கடிதத்தைவிடப் பெரிய நன்கொடை எனக்குத் தெரியவில்லை. நண்பர்களே, நானும் மூன்று அரியர் வைத்து எழுதித்தான் வெளியே வந்தேன். கான்வொகேஷன் அன்று என் பெயரை யாரும் மேடையில் வாசிக்கவில்லை. இன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளிடம் அந்த நாளைப் பற்றி நம்மில் யார் பேசியிருக்கிறோம்?

தங்கப் பதக்கம் தாராளமாகக் கொடுப்போம். கூடவே பத்துப் பதினைந்து வருடம் கழித்து, தன் வேலையில் பக்குவத்தைக் காட்டிய ஒருவரைத் தேடிப் பிடித்து இன்னொரு பரிசும் கொடுப்போம். அவர் மார்க் ஷீட்டை யாரும் கேட்க வேண்டாம். வாங்க வரும்போது கல்லூரிக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதிக்கொண்டு வரட்டும்.