காற்று மாறப் போன குடும்பங்கள்: வங்காளத்தின் ‘மேற்குப்’ பயணங்கள்

இன்றைய பெருநகரக் குடும்பமொன்றின் மூன்று நாள் விடுமுறைத் திட்டம் கைபேசியிலேயே தொடங்கி முடிந்துவிடுகிறது. அறை வாடகை எவ்வளவு, காலை உணவு சேர்த்தியா, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் உண்டா என்ற சில வினாக்களுக்கு விடை கிடைத்தால் போதும். குடும்பமாக ஓய்வெடுக்க வெளியூர் செல்வதற்கு இன்று யாரும் காரணம் கூற வேண்டியதில்லை. ஆனால், காரணம் கூறியாக வேண்டிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தை அறிந்துகொள்ள, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஏறத்தாழ நூறாண்டுகள் கொல்கத்தாவின் நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் சந்தால் பர்கானா, சோட்டா நாக்பூர் பகுதிகளுக்கு மேற்கொண்ட பயணங்கள் பெரிதும் உதவுகின்றன.

வங்காளியர் இப்பயணத்தை ‘ஹாவா பதல்’ என்றனர். காற்று மாற்றம் என்பது அதன் பொருள். ‘சேஞ்சுக்குப் போவது’ என்னும் கலப்பு வழக்கும் உண்டு; அவ்வாறு வந்து தங்குவோர் ‘சேஞ்சர்’ எனப்பட்டனர். போகும் திசை ‘பொஷ்சிம்’, அதாவது மேற்கு. மதுபூர், தேவ்கர், கிரீடி, சிமுல்தலா, கர்மாடாட், ஹசாரிபாக் என ஊர்கள் பலவாயினும், வீட்டில் ‘மேற்கே போகிறோம்’ என்று சொன்னாலே போதுமாயிருந்தது.

இப்பயணத்தின் வேர் இன்பத்தில் இல்லை, நோயில் இருந்தது. 1860களிலும் 1870களிலும் ‘பர்த்வான் காய்ச்சல்’ என்று பெயர்பெற்ற கொள்ளைநோய் வங்காளச் சமவெளியின் ஊர்களைச் சூறையாடியது. அதன் பெரும்பகுதி மலேரியா என்பது இன்றைய கருத்து. ஆனால், மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897இல்தான். அதற்கு முன்னர், சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று மருத்துவர்கள் நம்பினர். காற்றுதான் நோய் எனில் காற்றை மாற்றுவதுதானே மருந்து! செம்மண் மேடும், சால மரக் காடும், இலுப்பையும் புரசும் நிறைந்த வறண்ட மேற்கு நிலம் ஈரச் சமவெளியினருக்கு மருந்தாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவ்வூர்க் கிணற்று நீர் எத்தகைய செரிமானக் கோளாறையும் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்துகொண்டது.

டார்ஜிலிங், சிம்லா போன்ற மலைவாழிடங்கள் அப்போதே இருந்தன. சிம்லா 1864 முதல் ஆங்கிலேய அரசின் கோடைத் தலைநகராக விளங்கியது. ஆனால், அவை வெள்ளையருக்காக எழுந்த ஊர்கள்; செலவும் அதிகம். சம்பளம் வாங்கும் எழுத்தருக்கும் ஆசிரியருக்கும் எட்டக்கூடிய ஓர் இடத்தை உருவாக்கித் தந்தது ரயில். கிழக்கிந்திய ரயில்வேயின் புதிய நேர்வழிப் பாதை மதுபூர், சிமுல்தலா வழியாக 1871இல் திறக்கப்பட்டது. மாலையில் ஹௌராவில் ஏறினால் விடியுமுன் வேறொரு காற்றைச் சுவாசிக்கலாம். துர்கா பூஜை விடுமுறையை ஒட்டி ரயில்வே நிறுவனங்கள் சலுகைக் கட்டணங்களை விளம்பரப்படுத்தியதும் இப்பழக்கம் பரவக் காரணமாயிற்று.

அக்காலத்தில் பயணத்திட்டம் என்பது ஒரு வீட்டையே பெயர்த்துச் செல்வதற்கு ஒப்பானது. விடுதிகள் குறைவு. ஆகவே, பூஜைக்குப் பல வாரங்கள் முன்னரே தெரிந்தவர் வழியாகக் கடிதம் எழுதி வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டும். படுக்கைச் சுருள், பாத்திரம், அரிக்கேன் விளக்கு, மருந்துப் பெட்டி எல்லாம் உடன் செல்லும். விதவை அத்தையும், தேர்வில் தோற்ற மருமகனும், சமையல்காரரும் உடன் செல்வர். மூன்று நாளில் திரும்பும் வழக்கமும் இல்லை. ஒரு மாதமேனும் தங்கினால்தான் ‘காற்று பிடிக்கும்’. வசதி படைத்தோர் சொந்தமாகவே தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டனர். ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் அவ்வீடுகளைக் காத்தவர் ‘மாலி’ எனப்பட்ட தோட்டக்காரர். சேஞ்சர்களுக்குப் பால்காரரையும் முட்டை விற்பவரையும் அறிமுகப்படுத்துபவரும் அவரே.

பெண்களுக்கு இப்பயணம் வேறொரு பொருளையும் தந்தது. கொல்கத்தா வீட்டின் உட்கட்டிலேயே நாளைக் கழித்த பெண்கள், மேற்கத்திய ஊர்களில் மருத்துவர் சொன்னார் என்பதைக் காரணம் காட்டித் திறந்த வெளியில் நடக்க முடிந்தது. காலை நடை, மாலை நடை இரண்டும் அங்கே மருத்துவ முறைகள். தேவ்கர் வைத்தியநாதர் கோயிலால் புகழ்பெற்ற தலமாதலால், புண்ணியமும் உடல்நலமும் ஒரே பயணச்சீட்டில் அடங்கின. குடும்பமாக ஓய்வெடுக்கும் உரிமை, நோயாளியின் பெயரிலோ தெய்வத்தின் பெயரிலோதான் முதலில் கிடைத்தது எனலாம்.

நோய் வெறும் சாக்காக மட்டும் இருந்ததில்லை. இரவீந்திரநாத தாகூர் 1885இல் உறவினரோடு ஒரு குறுகிய விடுமுறையாக ஹசாரிபாக் சென்றார். கிரீடிக்கு அப்பால் மனிதர் இழுத்துத் தள்ளும் வண்டியில் சென்ற அப்பயணத்தை நகைச்சுவை ததும்ப எழுதவும் செய்தார். 1903இல் அவர் மீண்டும் அங்கே சென்றபோது உடன் இருந்தவர் காசநோயுற்ற மகள் ரேணுகா. மனைவி மிருணாளினி இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஹசாரிபாக் காற்று உதவவில்லை. அங்கிருந்து இமயமலை அடிவாரத்து அல்மோராவுக்கு மகளை அழைத்துச் சென்றார், அதுவும் உதவவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ரேணுகா மறைந்தார். காசநோய்க்கு முறிமருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். அதுவரை எத்தனையோ குடும்பங்கள் கையில் இருந்த ஒரே மருந்தான காற்றை நம்பி இதே ரயிலில் சென்றன.

இனி, மறுபுறத்தையும் நோக்க வேண்டும். கொல்கத்தாவிலிருந்து வந்தவர்கள் உள்ளூர்ச் சந்தையில் கோழி, முட்டை, பால் ஆகியவற்றின் விலையைக் கேட்டு வியந்து ஆங்கிலத்தில் ‘டேம் சீப்’ என்பார்களாம். ‘படு மலிவு’ என்னும் அச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்ட உள்ளூர் மக்கள் அவர்களுக்கு ‘டாஞ்சி பாபு’ என்று பெயர் சூட்டினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இச்சிரிப்புக்குள் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. வாங்குபவருக்கு மலிவு என்பது விற்பவருக்கு வறுமை.

அவ்விற்பவர்களுள் பெரும்பாலோர் சந்தால் மக்கள். 1855 ஜூன் 30இல் சிது, கானு சகோதரர் தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். கந்துவட்டிக்காரர், ஜமீன்தார், காவல்துறை ஆகியோரின் கொடுமைகளோடு, ரயில் பாதைப் பணிகளில் நிகழ்ந்த அத்துமீறல்களும் அந்த ‘ஹூல்’ கிளர்ச்சிக்குக் காரணங்களாயின. கிளர்ச்சி இரத்தத்தில் ஒடுக்கப்பட்ட பின்னரே சந்தால் பர்கானா தனி மாவட்டமாயிற்று. பதினாறே ஆண்டுகளில், அதே நிலத்தின் வழியே ஓய்வு நாடிய குடும்பங்களின் ரயில் ஓடத் தொடங்கியது. ஜன்னலோரம் அமர்ந்து சிவந்த மண்ணை இரசித்தவர்களுள் எத்தனை பேர் அதை நினைத்திருப்பர் என்பது தெரியாது.

நினைத்தவர் ஒருவரேனும் இருந்தார். குடும்பத்தாரோடும் கொல்கத்தாச் சமூகத்தோடும் மனம் கசந்த ஈஸ்வரசந்திர வித்யாசாகர், 1870களில் கர்மாடாடில் ஒரு வீடு வாங்கி, ‘நந்தன் கானன்’ எனப் பெயரிட்டுத் தம் இறுதிக் காலத்தின் பெரும்பகுதியை அங்கே கழித்தார். சந்தால் மக்களுக்கு ஹோமியோபதி மருந்தளித்தார், பள்ளி நடத்தினார். லக்னோவுக்கு ஆசிரியப் பணி ஏற்கச் செல்லும் வழியில் அங்கே தங்கிய ஹரப்பிரசாத் சாஸ்திரி தாம் கண்ட காட்சியொன்றைப் பதிவுசெய்துள்ளார். காலையில் சந்தால் மக்கள் சோளக்கதிர் கொண்டுவந்து தங்களுக்குத் தேவையான தொகையைச் சொல்கின்றனர். வித்யாசாகர் பேரம் பேசாமல் அத்தொகையைக் கொடுத்து வாங்கி அடுக்குகிறார். பின்னர்ப் பசியோடு வேறு சிலர் வரும்போது அதே கதிர்களை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ‘படு மலிவு’ என்று மகிழ்ந்த ஊரில், கேட்ட விலையைக் கொடுத்த மனிதர் அவர். கர்மாடாட் ரயில் நிலையம் இன்று வித்யாசாகர் என்னும் பெயரால் அழைக்கப்படுவது தகும்.

இப்பழக்கம் இலக்கியத்திலும் தடம் பதித்தது. சரதிந்து பந்த்யோபாத்யாய் படைத்த துப்பறிவாளர் வ்யோம்கேஷ், ‘சித்ரசோர்’ கதையில் நோய்க்குப் பின் உடல் தேற மனைவியோடு சந்தால் பர்கானா நகரொன்றில்தான் தங்குகிறார். சத்யஜித் ராயின் விஞ்ஞானி ஷோங்குவின் வீடு கிரீடியில் உஸ்ரி ஆற்றங்கரையை ஒட்டியது. மெய்யான விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1937 நவம்பரில் உயிர்நீத்ததும் கிரீடியில்தான்.

விடுதலைக்குப் பின் இப்பயணத்தின் தேவை மெல்லக் குன்றியது. டி.டி.டி. தெளிப்பு மலேரியாவைக் குறைத்தது. காசநோய்க்கு மாத்திரை வந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஊதியத்துடன் கூடிய விடுப்பைத் தொழிலாளரின் உரிமையாக்கியது. 1956இல் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகையை அறிமுகப்படுத்தியது. முதலில் சொந்த ஊருக்கு, பின்னர் நான்காண்டுக்கு ஒருமுறை நாட்டின் எப்பகுதிக்கும் என அது விரிந்தது. ஓய்வு பெற நோய் வேண்டாம், ஊழியராக இருந்தால் போதும் என்றாயிற்று. கூட்டுக் குடும்பங்கள் பிரிந்தன. பூரியும் திகாவும் ஈர்த்தன. மேற்கின் தோட்ட வீடுகள் விற்கப்பட்டன அல்லது பாழடைந்தன. நந்தன் கானனுக்கு மட்டும் நல்வாய்ப்புக் கிடைத்தது. பீகார் வங்காளியர் சங்கம் நிதி திரட்டி 1970களில் அதனை மீட்டது.

பாழடைந்த அவ்வீடுகளைக் குறித்து ஏக்கத்தோடு எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகள் வங்காள மொழியில் ஏராளம். அவற்றில் பெரும்பாலும் பெயரின்றியே வருபவர் மாலி. கதவைத் திறந்துவிட்டவரும், விளக்கேற்றி வைத்தவரும், குடும்பம் திரும்பிச் சென்றபின் பத்து மாதம் காத்திருந்தவரும் அவரே. குடும்ப விடுமுறையின் இந்திய வரலாறு முழுமை பெற வேண்டுமாயின், வந்து சென்றோரின் குறிப்பேடுகளோடு அங்கேயே இருந்தோரின் கணக்கும் அதில் சேர வேண்டும்.