நல்லாசிரியர் எறிக் லிடெல்

ஓர் ஆசிரியரின் பெருமையை அளக்கும் கோல் யாது? அவர் ஈட்டிய பட்டங்களும் பரிசில்களுமா? அன்றி, மாணாக்கர் நெஞ்சில் அவர் பதித்துச் சென்ற சுவடா? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர் எறிக் லிடெல் என்பாரின் வரலாற்றைக் கற்றல் நன்று. உலகம் அவரை ஓட்டவீரர் என்றே அறியும். அவர்தம் உழைப்பாண்டுகளுட் பெரும்பகுதி வகுப்பறையிலும் பள்ளி மைதானத்திலும் கழிந்தமையைச் சிலரே அறிவர்.

ஸ்கொத்லாந்து நாட்டுப் பாதிரியார் ஒருவரின் மகனாக 1902 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆந் திகதி சீனத்தின் தியென்சின் நகரிற் பிறந்தவர் லிடெல். எடின்பரோ சர்வகலாசாலையில் விஞ்ஞானம் பயின்றார். றக்பி ஆட்டத்தில் ஸ்கொத்லாந்தின் சார்பில் ஏழு முறை ஆடினார். 1924 இல் பாரிசில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் 100 மீற்றர் ஓட்டத்தின் முதற் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. அந்நாள் இறைவனுக்குரியது எனக் கருதிய அவர், அப்போட்டியினின்றும் முன்கூட்டியே விலகினார். பின்னர் 200 மீற்றரில் வெண்கலப் பதக்கமும், 400 மீற்றரை 47.6 செக்கனில் ஓடித் தங்கப் பதக்கமும் பெற்றார்.

புகழ் உச்சியில் இருந்தபோதே, 1925 இல், அவர் தியென்சின் ஆங்கில-சீனக் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார். ஆங்கே விஞ்ஞானங் கற்பித்தார். மாணாக்கருக்கு விளையாட்டும் பயிற்றினார். பின்னர் 1937 முதல் சியாவோசாங் என்னும் நாட்டுப்புறத்தில், போரின் நடுவே, ஏழை மக்களிடைப் பணியாற்றினார். 1941 இல் மனைவியையும் பிள்ளைகளையும் கனடாவிற்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் சீனத்திற் தங்கினார். அப்பால் அவர்களை அவர் காணவேயில்லை.

1943 இல் யப்பானியர் அவரை வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தனர். அம்மதில்களுள் ஏறத்தாழ 1,500 பேர் நெருக்குண்டு வாழ்ந்தனர். பெற்றோரைப் பிரிந்து பள்ளியோடு சிறைப்பட்ட சிறுவர் பலரும் அவர்களுள் இருந்தனர். லிடெலின் ஆசிரியத் தொண்டு முழுமை எய்தியது அங்கேயே எனலாம். ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் இரசாயனம் கற்பித்தார். முறிந்த ஹொக்கி மட்டைகளைத் துணிக்கீற்றுகளாற் சுற்றிச் செப்பனிட்டார். ஓட்டப் போட்டிகளும் ஆட்டங்களும் ஒழுங்கு செய்தார். சிறுவர் அவரை 'எறிக் மாமா' என்றே அழைத்தனர். உடனிருந்த லாங்டன் கில்கி 1966 இல் வெளியிட்ட நூலில், அவர் மாலைதோறும் இளைஞருக்காகத் தம்மை முற்றாக ஈந்தமையை வியந்து எழுதியுள்ளார்.

ஈண்டு ஒரு நிகழ்ச்சி சிந்திக்கற்பாலது. முகாமிலும் அவர் ஞாயிறன்று விளையாட்டு நடத்த இசைந்திலர். ஒரு ஞாயிறு, சிறுவர் தாமாகவே ஹொக்கி ஆடினர். மத்தியஸ்தர் இன்மையால் ஆட்டம் கைகலப்பில் முடிந்தது. அடுத்த ஞாயிறு, ஊதுகுழலுடன் மைதானத்தில் நின்றவர் லிடெல்! ஒலிம்பிக் பதக்கத்திற்காக விட்டுக்கொடாத நியமத்தைச் சிறுவர் சிலரின் நலத்திற்காக அவர் தளர்த்தினார். இது கொள்கைத் தளர்ச்சியோ எனின், அன்று. தமக்கு வரும் புகழின்பொருட்டு வளையாமை உறுதி. பிறர்க்கு வரும் கேட்டை நீக்க வளைதல் அருள். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவரே ஆசிரியர் என்னும் பெயருக்கு உரியவராவர்.

கடுங்குளிரிற் காலணியின்றி வருந்திய இளைஞன் ஒருவனுக்கு அவர் தம் ஓட்டக் காலணிகளை ஈந்தார். பகைவருக்காகவும் வேண்டுதல் செய்யக் கற்பித்தார். அவ்விளைஞன் போர் முடிந்தபின் யப்பானுக்கே சென்று பல்லாண்டு தொண்டாற்றினான். மாணாக்கன் வாழ்வில் ஆசிரியர் தொடர்ந்து வாழ்வதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

மூளையிற் தோன்றிய கட்டியினால் 1945 ஆம் ஆண்டு பெப்ரவரி 21 ஆந் திகதி, தம் 43 ஆவது வயதில், லிடெல் முகாமிலேயே காலமானார். விடுதலை ஆகத்து மாதத்தில் வந்தது. பாரிசில் அவர் ஓடிய ஓட்டம் ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது; வெய்சியன் சிறுவர் நெஞ்சில் அவர் தொடக்கிய ஓட்டமோ அவர்தம் முதுமை வரை நீடித்தது. ஆசிரியரை அளக்கும் கோல் இதுவே என்க.