டர்க்கி ஆற்றங்கரையில் ஓர் அமீரின் பெயர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில், மிசிசிப்பிப் பேராற்றுக்கு மேற்கே, அயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் எல்கேடர் என்றோர் ஊர் இருக்கின்றது. டர்க்கி என்னும் சிற்றாறு அதன் நடுவே ஓடுகின்றது. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்வோர் 1,209 பேர். அளவில் சிற்றூரேயாயினும், கிளேட்டன் என்னும் வட்டாரத்தின் தலைநகர் அதுவே. வட்டார நீதிமன்றமும் அங்கேயே அமைந்துள்ளது.

அவ்வூரார் நாவில் திரிந்து ஒலிக்கும் அப்பெயரைச் சற்று நிதானித்துச் சொல்லிப் பார்த்தால், நம் இல்லங்களில் நாள்தோறும் அழைக்கப்படும் பெயரொன்று அதனுள் மறைந்திருப்பது புலனாகும். அல்ஜீரிய நாட்டின் விடுதலை வீரர் அமீர் அப்துல் காதிர் அவர்களின் பெயரே அது. ‘அப்து’ என்ற முற்பகுதி உதிர்ந்துபோக, ‘அல்காதிர்’ என்பது எல்கேடர் ஆயிற்று.

அயோவா என்றதும் மக்காச்சோளம் விளையும் பரந்த சமவெளியே அமெரிக்கர் மனக்கண்ணில் தோன்றும். எல்கேடர் இருக்கும் மூலையோ அவ்வாறன்று. கடைசிப் பனியூழியில் பனிப்பாறைகள் சுற்றுப்புறத்தையெல்லாம் தேய்த்து மட்டமாக்கியபோது, இப்பகுதி அவற்றின் பிடியில் சிக்காமல் தப்பியது. ஆகவே இங்கே குன்றுகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் சுண்ணாம்புக்கல் செங்குத்துகளும் நிறைந்துள்ளன. விரைந்தோடும் ஆற்றின் விசை மாவு ஆலைகளுக்கு உகந்ததாயிற்று; குன்றுகளின் கல் கட்டடங்களுக்கு உதவிற்று. 1889இல் அக்கல்லைக் கொண்டு கட்டப்பெற்ற இரட்டை வளைவுப் பாலம் இன்றும் ஊரின் இரு பாதிகளையும் இணைத்து நிற்கின்றது.

1846ஆம் ஆண்டில் திமோத்தி டேவிஸ், ஜான் தாம்ப்சன், செஸ்டர் சேஜ் ஆகிய மூவர் இங்கு ஊர் அமைக்க மனை வகுத்தனர். டேவிஸ் ஒரு வழக்கறிஞர். பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். ஊருக்கு அமீரின் பெயரைத் தேர்ந்தவர் அவரே. அவர் அமீரை நேரில் கண்டவரல்லர். செய்தித்தாள்களின் வழியே அறிந்தவர்.

அச்செய்திகள் கூறியது என்ன? 1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. 1832 நவம்பரில் மேற்கு அல்ஜீரியக் குலத்தார் ஒன்றுகூடி, காதிரிய்யா தரீக்காவின் ஷைகு முஹ்யித்தீன் அவர்களின் மகனார், இருபத்துநான்கே வயதான அப்துல் காதிரைத் தம் அமீராக ஏற்று பைஅத் செய்தனர். மஸ்காரா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு அரசும் படையும் நிறுவிய அவர்கள், ஐரோப்பாவின் வல்லரசு ஒன்றைப் பதினைந்தாண்டுகள் எதிர்த்து நின்றார்கள். போர்க் கைதிகளைத் துன்புறுத்தலாகாது என ஆணையிட்டார்கள். 1841இல் அல்ஜியர்ஸின் கத்தோலிக்க ஆயருடன் பேசிக் கைதிகளைப் பரிமாறிக்கொண்டார்கள். மன்னராட்சியை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்ற நாட்டினருக்கு இத்தகைய வீரர்மீது மதிப்புப் பிறந்ததில் வியப்பில்லை. பெயர் சூட்டப்பட்ட 1846இல் அமீர் அவர்கள் இன்னும் களத்திலேயே இருந்தார்கள்.

ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். அமீர் பைஅத் பெற்ற அதே 1832ஆம் ஆண்டில்தான், ஸாக் பழங்குடித் தலைவர் பிளாக் ஹாக் தம் முன்னோர் மண்ணுக்குத் திரும்ப முயன்று, ஆகஸ்ட் மாதம் மிசிசிப்பிக் கரையில் முறியடிக்கப்பட்டார். ஆற்றைக் கடந்து தப்ப முயன்ற பெண்களும் குழந்தைகளும்கூட அங்கே கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே ஓர் உடன்படிக்கையின் மூலம் ஸாக், மெஸ்க்வாக்கி மக்களிடமிருந்து மிசிசிப்பியின் மேற்குக்கரையில் அகன்ற நிலப்பரப்பு பறிக்கப்பட்டது. கிழக்கு அயோவாவில் வெள்ளையர் குடியேற்றம் அவ்வாறுதான் தொடங்கியது. கடல்கடந்த நாட்டில் மண்ணுக்காகப் போராடிய ஒருவரை அவர்கள் போற்றினர். தம் காலடி மண்ணுக்காகப் போராடியவரை மறந்தனர். தொலைவிலுள்ளவனின் உரிமையைப் பாராட்டுவது எளிது. அண்டையிலுள்ளவனின் உரிமையை ஒப்புவதே அரிது.

அவ்வரிய சோதனையை அமீர் அவர்கள் தம் வாழ்வில் எதிர்கொண்டார்கள். 1847 டிசம்பரில் அவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தபோது, முஸ்லிம் நாடொன்றுக்குச் செல்ல விடுவதாகப் பிரெஞ்சுத் தளபதிகள் வாக்களித்தனர். அவ்வாக்கு மீறப்பட்டது. 1852 வரை பிரான்சிலே சிறை; அங்கே அவர்களுடைய குடும்பத்தாரும் துணைவர்களும் பலர் மாண்டனர். விடுதலைக்குப் பின் துருக்கியின் புர்ஸாவிலும், 1855 முதல் டமாஸ்கஸிலும் வாழ்ந்தார்கள். 1860 ஜூலையில் அந்நகரில் கிறித்தவர்களுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. கிறித்தவ வல்லரசு ஒன்றால் நாடிழந்து, வாக்குமீறலால் சிறைப்பட்டவர் ‘நமக்கென்ன’ என்று ஒதுங்கியிருக்கலாம். அவர்களோ தம் அல்ஜீரியத் தோழர்களுடன் தெருவிலிறங்கி, ஆயிரக்கணக்கான கிறித்தவர்களைத் தம் இல்லத்திலும் கோட்டையிலும் சேர்த்துக் காத்தார்கள். அடைக்கலம் தேடியவர்களைத் தேடிவந்த கூட்டத்தைத் தம் வாயிலிலேயே தடுத்து நிறுத்தினார்கள். உலகமே வியந்தது. எல்கேடர் ஊரினர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் சூட்டிய பெயரின் முழுப்பொருள் அன்றுதான் விளங்கிற்று.

1883இல் அமீர் அவர்கள் டமாஸ்கஸில் வஃபாத்தானார்கள். விடுதலை பெற்ற அல்ஜீரியா 1966இல் அவர்களின் உடலைத் தாயகத்துக்குக் கொணர்ந்து அடக்கியது.

காலப்போக்கில் எல்கேடர் மக்களுக்குத் தம் ஊர்ப் பெயரின் வரலாறு மங்கலாயிற்று. 1984இல் எல்கேடரும் மஸ்காராவும் சகோதர நகரங்களாயின. 2008 ஜூனில் டர்க்கி ஆறு பெருக்கெடுத்து ஊரை மூழ்கடித்தபோது, அல்ஜீரியாவிலிருந்து ஒன்றரை லட்சம் டாலர் உதவி வந்தது. அமீரின் வாழ்வை மாணவர்களுக்கு எடுத்துரைக்கும் கல்வித் திட்டமொன்றும் அவ்வூரிலிருந்து நடைபெற்று, கட்டுரைப் போட்டிகளை நடத்தி வந்துள்ளது.

பெயர் சூட்டுவது ஒரு நாள் வேலை. சூட்டிய பெயருக்குத் தகுதியாவது தலைமுறைகளின் வேலை. டர்க்கி ஆற்றங்கரையின் அச்சிற்றூருக்கு மட்டுமன்று, அப்துல் காதிர் என்று பிள்ளைக்குப் பெயரிட்டு மகிழும் நம் குடும்பங்களுக்கும் அது பொருந்தும்.