கொழுப்பு மாத்திரை வந்த வழி

கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் நீலப்பச்சையாய்ப் பூசணம் பிடித்திருந்தது. இன்று கோடிக்கணக்கானவர்கள் தினமும் போட்டுக்கொள்ளும் கொழுப்பு மாத்திரைக்கு அதுதான் பிறந்த வீடு. பெனிசிலியம் சிட்ரினம் என்ற அந்தப் பூசணத்தை வளர்த்துப் பார்த்தவர் அகிரா எண்டோ. வடக்கு ஜப்பானின் அகிதா பகுதியில் விவசாயக் குடும்பத்தில் 1933-ல் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே காளானிலும் பூசணத்திலும் மனத்தைப் பறிகொடுத்தவர். தோக்கியோவில் சாங்கியோ மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தார்.

உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே செய்துகொள்கிறது. அந்த உற்பத்தியின் தொடக்கத்திலேயே ஒரு நொதி நிற்கிறது. தன்னைத் தாக்க வரும் கிருமிகளின் அந்த நொதியை முடக்கும் பொருளை ஏதாவது ஒரு பூசணம் சுரக்கக்கூடும் என்பது எண்டோவின் கணக்கு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிரிகளைச் சலித்தபின், 1973-ல் கியோட்டோ அரிசியின் பூசணத்தில் அது கிடைத்தது. பெயர் காம்பாக்டின். ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்பு மாத்திரைக் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

எலிக்குக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரால் அசையவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. 1976-ல் அதே நிறுவனத்து நண்பர் ஒருவர் முட்டைக் கோழிகளை வைத்து வேறொரு ஆய்வு செய்துகொண்டிருந்தார். முட்டையில் அவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறதே, அப்படியானால் கோழி ரத்தத்திலும் நிறைய இருக்கும் என்று எண்டோவுக்குத் தோன்றியது. கோழித் தீவனத்தில் மருந்தைக் கலந்தார்கள். கொலஸ்ட்ரால் ஏறக்குறையப் பாதியாக இறங்கியது.

இந்த மாத்திரையின் வாழ்க்கையில் நான் மிக முக்கியமாக நினைப்பது அடுத்து நடந்ததைத்தான். 1978 பிப்ரவரியில், அதிகாரபூர்வமான மனிதச் சோதனைகள் தொடங்குவதற்கு முன்பே, ஒசாகா பல்கலைக்கழக மருத்துவர் அகிரா யமமோட்டோ தன் நோயாளி ஒருவருக்குக் காம்பாக்டின் கொடுத்தார். பதினெட்டு வயதுப் பெண். பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் நோயின் கடுமையான வடிவம். ரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமை ஒட்டி இருந்தது. கொலஸ்ட்ரால் குறைந்தது. ஆனால் சில வாரங்களில் அந்தப் பெண்ணின் தசைகள் தளர்ந்தன. தசை சிதைவதைக் காட்டும் சிகே என்ற ரத்த அளவும் ஏறியது.

இந்த வகை மருந்தை முதன்முதலாகச் சாப்பிட்ட நோயாளிக்கே தசையில் பக்க விளைவு வந்தது. யமமோட்டோ மருந்தை நிறுத்தினார். தளர்ச்சி தெளியும்வரை காத்திருந்தார். பிறகு அளவைக் குறைத்து மறுபடியும் கொடுத்தார். வேறு சில நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் கொடுத்தபோது பெரிய தொல்லை இல்லாமல் கொலஸ்ட்ரால் 30% அளவுக்கு இறங்கியது. வலியை நம்பினார், மருந்தையும் கைவிடவில்லை. எண்டோவைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த மனிதரைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

காம்பாக்டின் கடைக்கு வரவே இல்லை. மிக அதிக அளவு கொடுத்த நாய்களிடம் புற்றுநோய் அறிகுறி தெரிந்ததாகச் சந்தேகம் எழ, 1980-ல் சாங்கியோ அதை நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் வேறொரு பூசணத்திலிருந்து எடுத்த தம்பி மருந்தான லோவாஸ்டாட்டின், 1987-ல் அமெரிக்க அரசின் அனுமதியோடு முதலில் சந்தைக்கு வந்தது. பிறகு சிம்வாஸ்டாட்டின். ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் அதைச் சோதித்து 1994-ல் முடிவை வெளியிட்டார்கள்: ஐந்தாண்டுச் சொச்சத்தில் மரணம் 30% குறைந்திருந்தது. அதன்பின் இதய மருத்துவர்களுக்கு இந்த மாத்திரையில் சந்தேகம் அதிகம் மிஞ்சவில்லை.

சந்தேகம் வேறு வழியில் திரும்பி வந்தது. பேயர் நிறுவனத்தின் செரிவாஸ்டாட்டினைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குத் தசை பெருமளவில் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்தது. ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து மிகவும் கூடியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவானபின் 2001 ஆகஸ்டில் அந்த மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். இன்று புழக்கத்திலிருக்கும் ஸ்டாட்டின்களில் இப்படி நடப்பது மிக அபூர்வம். ஆனால் அந்தப் பயம் மட்டும் குடும்பம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது.

தசை ஏன் வலிக்க வேண்டும்? முழு விடை இன்னும் கைக்கு வரவில்லை. ஒரே வாய்க்காலில் பல வயல்கள் பாய்வதுபோல, அந்த நொதிக்குக் கீழே கொலஸ்ட்ராலோடு கோஎன்சைம் க்யூ10 போன்றவையும் உற்பத்தியாகின்றன. மடையை அடைத்தால் எல்லா வயலுக்கும் நீர் குறையும். இதை நம்பி க்யூ10 மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. சோதனைகளில் அது உறுதியான பலன் காட்டவில்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020-ல் வெளியிட்ட சாம்சன் ஆய்வு இந்த இடத்தில்தான் புகுந்தது. பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேருக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கான பாட்டில்களைக் கொடுத்தார்கள். நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின், நான்கில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, நான்கு காலி. மாத்திரை உள்ள பாட்டிலில் எது மருந்து, எது வெற்று என்று யாருக்கும் தெரியாது. தினமும் தொல்லையின் அளவை நூற்றுக்கு இத்தனை என்று கைப்பேசியில் பதிந்தார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4.

வலி வந்ததில் பொய் இல்லை; அதில் தொண்ணூறு சதவீதத்தை வெற்று மாத்திரையும் உண்டாக்கியது. இதை ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சுருக்குபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. எதிர்பார்ப்பினால் வந்த வலியும் படியேறும்போது அதே காலில்தான் வலிக்கிறது. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்தபின், அந்த 60 பேரில் பாதிப் பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள். 2022-ல் லான்செட் இதழ் வெளியிட்ட பெரிய தொகுப்பும் இதே திசையில்தான் காட்டியது: தசைத் தொல்லை சொன்னவர்கள் ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 27.1%, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6%. கூடுதல் தொல்லை பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வந்தது. அந்தச் சிறு வித்தியாசத்துக்குள் சில மனிதர்களின் நிஜமான மருந்து வலி இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த மாத்திரைக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவில் ஒரு விசித்திரம் உண்டு. உலகிலேயே மிக அதிகம் விற்ற மருந்துகளில் ஒன்றான அட்டோர்வாஸ்டாட்டினின் அமெரிக்கக் காப்புரிமை 2011-ல் முடிந்தது. அங்கே அதன் மலிவு வடிவத்தை முதலில் இறக்கியவர்களில் ஒன்று இந்தியாவின் ரான்பாக்ஸி. அப்போது ரான்பாக்ஸியின் பெரும்பங்கு யார் கையில் இருந்தது? காம்பாக்டினைக் கைவிட்ட அதே சாங்கியோ, இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து டாயிச்சி சாங்கியோ ஆகியிருந்தது; அவர்கள் கையில்தான்.

எங்கள் பெரியம்மாவின் மாத்திரை டப்பாவிலும் அட்டோர்வாஸ்டாட்டின் அட்டை கிடந்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தால் அட்டையில் பாதி பிரிக்காமல் இருக்கிறது.

“ராத்திரி மாத்திரய நிறுத்திப்போட்டேன் கண்ணு. கெண்டக்காலுல ஒரே குடைச்சல்.”

“டாக்டருகிட்டச் சொன்னீங்களா பெரியம்மா?”

“எதுக்கு? வைவாரு.”

அழைத்துப் போனபோது டாக்டர் வையவில்லை. குடைச்சல் இரண்டு காலிலுமா, எப்போது ஆரம்பித்தது, வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். சிகேயும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். சிகே சரியாக இருந்தது, தைராய்டு குறைந்திருந்தது. தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும், ஸ்டாட்டின் வலியும் கூடும். அதற்கு மருந்து கொடுத்து, சில வாரம் விட்டு, குறைந்த அளவில் ரோசுவாஸ்டாட்டின் ஆரம்பித்தார். 1978-ல் ஒசாகாவில் நடந்ததற்கும் இதற்கும் முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. வைவாரு என்ற பயத்தில் எத்தனை வீடுகளில் மாத்திரை அட்டை இப்படிப் பிரிக்காமல் கிடக்கிறதோ என்பதுதான் என் கவலை. ஸ்டென்ட் வைத்தவர் யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவது அடுத்த அடைப்புக்கு வழிவிடுவது.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டியவை சில. கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக், சில பூஞ்சை மருந்துகள் ஆகியவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் சிம்வாஸ்டாட்டினும் அட்டோர்வாஸ்டாட்டினும் ரத்தத்தில் தேங்கும். ஆகவே காய்ச்சலுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கும்போதும் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். சிறுநீர் கறுத்து, தேநீர் டிகாக்ஷன்போலப் போனாலோ, நாற்காலியிலிருந்து எழ முடியாத அளவு தளர்ச்சி வந்தாலோ அடுத்த அப்பாயின்மென்ட்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

எந்த ஸ்டாட்டினும் ஒத்துக்கொள்ளாதவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் அவர்களுக்கு உண்டு. பெம்பெடோயிக் அமிலம் என்ற புது மாத்திரையும் வந்திருக்கிறது. அதே வாய்க்காலை இன்னும் மேலே அடைப்பது இது. ஆனால் இதைச் செயலுக்குக் கொண்டுவரும் நொதி முக்கியமாகக் கல்லீரலில் இருக்கிறது, எலும்பை அசைக்கும் தசைகளில் இல்லை. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாத ஏறக்குறைய 14,000 பேரிடம் நடந்த சோதனை 2023-ல் வெளியானது: மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 13% குறைந்தன. ஆனால் யூரிக் அமிலம் சற்று ஏறியது. கால் பெருவிரல் வீங்கி கௌட் வந்து போனவர்கள், இந்த மாத்திரையை எழுதும்போதே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.