அடுத்தவர் கணக்கு நம் திரையில்

கணினிக்காரர்கள் 'கேஷ்' என்று ஒன்றைச் சொல்வார்கள். நாம் எண்ணும் காசு அல்ல. ஒரு முறை தயாரித்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்துக் கேட்பவருக்கும் அதையே கொடுப்பதற்குப் பெயர் அது.

ஹோட்டல் சாம்பாரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வாளியில் தயார். யார் வந்தாலும் அதிலிருந்தே ஊற்றலாம். ஆனால் பில் அப்படியில்லை, ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் பில்லை எல்லோருக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? 2015 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் அதுதான் நடந்தது.

ஆரம்ப கால இணையப் பக்கங்கள் பெரும்பாலும் சாம்பார் ரகம். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுலி 'குக்கி'யைக் கொண்டுவந்தார். வந்திருப்பவர் யார் என்று தளத்துக்கு அடையாளம் தெரிந்தது. அவரவர் பெயர், அவரவர் கணக்கு என்று பில் ரகப் பக்கங்கள் பெருகின. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி 1.1 விதிகளில் இதற்கு ஒரு காப்பும் இருந்தது. 'பிரைவேட்' என்று குறித்த பக்கத்தைப் பலருக்குப் பொதுவான கேஷ் சேமிக்கக் கூடாது.

விதி இருந்தும் தவறு நடந்தது. வால்வ் நிறுவனத்தின் 'ஸ்டீம்' தளம் கணினி விளையாட்டுகளை விற்பது. பண்டிகைத் தள்ளுபடி நேரத்தில் அதைத் திணறடிக்க யாரோ பொய்யான கோரிக்கைகளை வெள்ளமாக அனுப்பினார்கள். தள்ளுபடி நாட்களின் சராசரியைவிடப் போக்குவரத்து 2000 சதவீதம் கூடியது. சமாளிக்க, கேஷ் சேவை தரும் கூட்டாளி நிறுவனம் அவசரமாக அமைப்பை மாற்றியது. இரண்டாவது மாற்றத்தில் பிழை. உள்நுழைந்தவர்களின் சொந்தப் பக்கங்களும் வாளியில் விழுந்துவிட்டன.

பசிபிக் நேரப்படி பகல் 11:50 முதல் 1:20 வரை, ஒன்றரை மணி நேரம். சிலருக்கு முகப்புப் பக்கம் வேறு மொழியில் வந்தது. சிலருக்கு முன்பின் தெரியாதவரின் கணக்கே திறந்தது. மின்னஞ்சல், பில் முகவரி, வாங்கிய பொருட்கள், கடன் அட்டையின் கடைசி இரண்டு இலக்கம். சுமார் 34,000 பேரின் பக்கங்கள் இப்படிப் போயிருக்கலாம் என்று வால்வ் சொன்னது. முழு அட்டை எண்ணும் கடவுச்சொல்லும் போகவில்லை. கடையை மூடி, சரிசெய்து, மறுபடி திறந்தார்கள். விரிவான விளக்கமும் மன்னிப்பும் டிசம்பர் 30-ல்தான் வந்தன.

என்னை உறுத்துவது ஒரு விஷயம். அந்த நேரத்தில் தன் கணக்குப் பக்கத்தைத் திறக்காதவருக்கு ஆபத்தே இல்லை. 'ஏதோ கோளாறாமே, நம் கணக்கு பத்திரமா?' என்று பதறிப் போய்த் திறந்து பார்த்தவரின் பக்கம்தான் அடுத்தவருக்குப் போகக்கூடிய நிலை. பூட்டை இழுத்துப் பார்க்கப் போனவன் கதவைத் திறந்து வைத்த கதை!

இதில் பூட்டை உடைத்தவர் யாருமில்லை. தாக்கியவர்கள் எந்தத் தகவலையும் திருடவும் இல்லை. நெரிசலைச் சமாளிக்கும் அவசரத்தில் காவல்காரரே சாவியை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

இன்று நம் பென்ஷன் விவரமும் வங்கிக் கணக்கும் திரையில்தான். என்றாவது உங்கள் திரையில் வேறு ஒருவர் பெயர் வந்தால், அங்கும் இங்கும் தட்டிப் பார்க்காதீர்கள். மூடிவிட்டு, உரியவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். அதே நேரத்தில் உங்கள் பக்கம் யார் வீட்டுத் திரையில் இருக்கிறதோ!