டிரவுட் மீனுக்கு முன்னால் ஆறு

நீலகிரிக்கு டிரவுட் மீன் வந்த கதையை மனித முயற்சியின் வெற்றியாகவே சொல்லி வருகிறோம். இந்திய மீன்களை ஆராய்ந்து பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே, 1863இல் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. வெப்பக் கடல்களைத் தாண்டிக் குளிர் குன்றாமல் முட்டைகளைக் கரைசேர்ப்பது அன்று பெரும்பாடு. சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பின், சென்னை மாகாண அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் நீலகிரியில் டிரவுட் வளர்ப்பில் வெற்றி கண்டார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வானவில் டிரவுட் மலை ஓடைகளில் நிலைகொண்டது. டேயின் விடாமுயற்சியும் வில்சனின் திறமையும் மறுக்க முடியாதவை. ஆனாலும் இந்த வெற்றியில் பெரும்பங்கு, அந்த மீனை ஏற்றுக்கொண்ட ஓடைகளுக்கும் அவற்றை உருவாக்கிய மலைக்கும் உரியது என்பதே என் வாதம். அந்தப் பங்கை மறந்ததால் மீனைக் காக்கச் சட்டம் செய்தோம், ஆற்றின் ஊற்றுக்கண்ணைக் கைவிட்டோம்.

டிரவுட்டுக்கு வேண்டியது குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீர். வெப்பம் 20 டிகிரி செல்சியசைக் கடந்தாலே அது திணறத் தொடங்கும். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். பெண் மீன் ஆற்றுப்படுகைக் கூழாங்கற்களைக் கிளறிக் குழி பறித்து முட்டையிட்டு மூடுகிறது. கற்களின் இடுக்குகளில் நீர் புகுந்து ஓடினால்தான் முட்டைகள் மூச்சுவிடும். வண்டல் படிந்து இடுக்குகள் அடைபட்டால் அங்கேயே மடியும். நீலகிரியின் உயர் பீடபூமியில் பள்ளத்தாக்குகளில் சோலைகளும் சரிவுகளில் புல்வெளிகளும் இருந்தன. தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம் அது. அந்த மண் பருவமழையை உள்வாங்கி வைத்து, மழையற்ற மாதங்களில் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விட்டது. சோலை நிழல் நீரைக் குளிர்வித்தது, புல்லின் வேர் மண் அரிப்பைத் தடுத்தது. வில்சனின் குஞ்சுகளை வாழவைத்தது இந்த ஏற்பாடு.

நீலகிரி வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க 1879இலேயே சென்னை மாகாணம் தனிச்சட்டம் இயற்றியது. யார், எப்போது பிடிக்கலாம் என்பதை அது வரையறுத்தது; மீன் வாழும் நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அதன் எல்லைக்கு வெளியே நின்றது. அதே மலையில் புல்வெளியைப் பயனற்ற நிலமாகக் கருதி, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்குமாகக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) நடப்பட்டன. கிளன்மார்கன் பகுதியில் அருகருகே இருந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்ட நெடுங்கால ஆய்வு, இதன் விலையைக் கணக்கிட்டுக் காட்டியது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் சுழற்சியில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடும், மரங்களை வெட்டித் துளிர்க்கவிட்ட இரண்டாம் சுழற்சியில் சுமார் 25 விழுக்காடும் குறைந்தது. டிரவுட்டுக்கு மிகவும் தேவைப்படும் கோடைக்கால ஓட்டம் இன்னும் கடுமையாக அடிபட்டது.

ஆறு நலிந்தாலும் பொரிப்பகத்துக் குஞ்சுகளை விட்டு ஈடுசெய்யலாமே என்பார்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் இதைச் சோதித்துப் பார்த்தது. 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வில், மேடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் வளர்ப்பு மீன்கள் விடுவதை நிறுத்தினார்கள். ஆற்றிலேயே பிறந்த டிரவுட் பெருகியது. முன்பு மீன் விடப்படாத ஓடெல் ஓடையில் புதிதாக விட்டார்கள். அங்கே பிறந்த மீன்கள் குறைந்தன. 1974இல் அம்மாநிலம், டிரவுட் தானாகப் பெருகும் ஆறுகளில் மீன் விடும் வழக்கத்தைக் கைவிட்டது. பொரிப்பகம் ஒரு மீனை முதன்முதலில் கொண்டுவந்து சேர்க்கலாம். நலிந்த ஆற்றுக்கு அது மருந்தாகாது.

டிரவுட்டே அந்நிய மீன், வெள்ளையரின் பொழுதுபோக்குக்காக வந்தது, அதற்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதன் நியாயத்தை ஏற்கிறேன். பிற உயிர்களைத் தின்று வாழும் அந்த மீனைப் புதிய ஓடைகளில் பரப்பக்கூடாது. மண்ணின் மீன்களுக்கும் தவளைகளுக்குமே முதலுரிமை. ஆனால் டிரவுட் கேட்கும் குளிர்ச்சியும் தெளிவும் வற்றாத ஓட்டமும் அந்த உயிர்களுக்கும் தேவை. அதே சரிவுகளின் நீர்தான் பவானியில் சேர்ந்து கோவை, ஈரோடு மாவட்டங்களின் குடிநீராகவும் பாசனமாகவும் ஆகிறது. எனவே நீலகிரியில் ஆற்றுப் பாதுகாப்பு என்பது சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்பதிலும், எஞ்சிய சோலைகளை வெட்டாமல் விடுவதிலும், அணைகளுக்குக் கீழே கோடையிலும் நீர் ஓடவிடுவதிலும் தொடங்க வேண்டும். பொரிப்பகத்துக்குச் செலவிட அரசுக்கு மனமிருந்தது. அதைவிடக் கூடுதலான அக்கறை அந்த மேட்டுப் புல்வெளிக்கு உரியது.